டூட்டி முடிந்த பிறகும் இடுப்பில் இருக்கும் துப்பாக்கி

2007 பிப்ரவரி 12, திங்கட்கிழமை மாலை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் உள்ள டிராலி ஸ்கொயர் மாலுக்கு ஒரு தம்பதி சாப்பிட வந்திருந்தார்கள். காதலர் தினத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அன்றைக்குக் கூட்டமாக இருக்கும் என்று முன்கூட்டியே வந்துவிட்டார்கள். கணவர் வடக்கே இருக்கும் ஆக்டன் நகரத்தின் காவலர். அன்று அவருக்கு டூட்டி இல்லை. மனைவி கர்ப்பமாக இருந்தார். 911 அவசர அழைப்பு மையத்தில் அழைப்புகளை எடுக்கும் வேலை பார்ப்பவர். சாப்பாடு முடியும் நேரத்தில் கீழ்த்தளத்திலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. 18 வயதுப் பையன் ஒருவன் ஷாட்கன்னோடு நுழைந்து, கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டுக்கொண்டிருந்தான்.

கணவரிடம் துப்பாக்கி இருந்தது. அந்த மாலுக்குள் ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்று விதி; இருந்தாலும் வைத்திருந்தார். மனைவியை உணவகத்துக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு அவர் வெளியே வந்து, மேலே இருந்தபடி அந்தப் பையனை எதிர்கொண்டு, அவன் கவனத்தைத் தன் பக்கம் திருப்பினார். அதற்குள் நகரப் போலீஸ் வந்து சேர்ந்தது. அன்று 5 பேர் இறந்தார்கள். அவர் மட்டும் இல்லாதிருந்தால் அந்த எண்ணிக்கை இன்னும் எவ்வளவோ கூடியிருக்கும் என்று காவல் துறையே சொன்னது.

டூட்டியில் இல்லாத காவலர்களும் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் சம்பவம் இது. எடுத்துக்காட்டுவதில் தவறில்லை. ஆனால் அவர்கள் விட்டுவிடும் ஒரு பகுதி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. உணவகத்துக்குள் இருந்த மனைவி, பரிமாறுபவரின் போனை வாங்கி 911-ஐ அழைத்தார். என் கணவர் போலீஸ்காரர், மஃப்டியில் இருக்கிறார், கையில் துப்பாக்கி இருக்கிறது, இன்ன உடை அணிந்திருக்கிறார் என்று தகவல் கொடுத்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடிவரும் சீருடைப் போலீஸுக்கு, கையில் துப்பாக்கியோடு நிற்கும் இரண்டு பேரில் எவன் குற்றவாளி என்று எப்படித் தெரியும்? அந்த வேலையிலேயே இருந்தவர் என்பதால் இந்தக் கேள்வி அவருக்கு முதலிலேயே தோன்றியது.

அந்த போன் அழைப்பு நடக்காமல் போன இடங்களும் உண்டு. அவற்றுக்கு வருவதற்கு முன்னால், தேர்தலில் நின்று வரும் ஷெரிஃப் என்ற காவல் அதிகாரி இதில் எங்கே வருகிறார் என்று பார்த்துவிடலாம். அமெரிக்கத் தேர்தல் என்றால் நமக்கு அதிபர் தேர்தல்தான் நினைவுக்கு வரும். ஆனால் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் காவலரின் துப்பாக்கியை எந்த விதி கட்டுப்படுத்த வேண்டும் என்பதைப் பெரும்பாலான ஊர்ப்புறங்களில் முடிவு செய்பவர், அதே வாக்குச்சீட்டில் எங்கோ கீழே பெயர் இருக்கும் ஒருவர்.

ஷெரிஃப் என்ற சொல்லை நாம் இரண்டு வகையில் கேள்விப்பட்டிருப்போம். ஒன்று, கௌபாய் படங்களில் நெஞ்சில் நட்சத்திரம் குத்திக்கொண்டு குதிரையில் வருபவர். இன்னொன்று, ஒரு காலத்தில் சென்னை மாநகருக்கு என்று இருந்த கௌரவப் பதவி; விழாக்களில் முன்வரிசை நாற்காலி அவருக்கு. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், இங்கிலாந்தில் அரசருக்காக ஒரு வட்டாரத்தைக் கவனித்துக்கொண்ட பழைய அதிகாரி. அமெரிக்காவில் அந்தப் பதவி தேர்தலில் நின்று ஜெயிக்கும் பதவியாக மாறிவிட்டது. நம் ஊரில் மாவட்ட எஸ்.பி.யை அரசு நியமிக்கிறது, இடமாற்றம் செய்கிறது. அங்கே கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதியின் ஷெரிஃபை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாடு முழுவதும் 3,000-க்கும் மேற்பட்ட ஷெரிஃப்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் பதவிக்காலம் 4 ஆண்டு. அலாஸ்கா, கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில் மட்டும் இந்தத் தேர்தல் கிடையாது.

நகர எல்லைக்கு வெளியே ரோந்து, கவுண்டி சிறை, நீதிமன்றப் பாதுகாப்பு, வாடகை வீட்டிலிருந்து ஆட்களை வெளியேற்றும் உத்தரவை நிறைவேற்றுவது எல்லாம் ஷெரிஃபின் வேலை. லூயிசியானாவில் வரி வசூலும் அவரே. டெக்சஸில் லவிங் என்று ஒரு கவுண்டி இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 64. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒரு கோடிப் பேர். இரண்டிலும் ஷெரிஃப் தேர்தலில் வென்று வருபவர்தான். பல மாநிலங்களில் இந்தப் பதவிக்கு நிற்கப் போலீஸ் அனுபவம்கூடக் கட்டாயமில்லை.

நகரக் காவல் துறைத் தலைவரை மேயரோ நகர நிர்வாகமோ மாற்ற முடியும். ஷெரிஃபை அப்படி எளிதில் அசைக்க முடியாது. லாஸ் ஏஞ்சலஸில் ஷெரிஃபுக்கும் கவுண்டி மேற்பார்வைக் குழுவுக்கும் நடந்த நீண்ட மோதலுக்குப் பிறகு, 2022 நவம்பரில்தான், ஐந்தில் நான்கு பங்கு ஓட்டு இருந்தால் குழு அவரை நீக்கலாம் என்று மக்கள் வாக்களித்து விதியை மாற்றினார்கள். அதே நாளில் அன்றைய ஷெரிஃப் அலெக்ஸ் வில்லனுவேவாவும் தேர்தலில் தோற்றுப் போனார். பொதுவாகச் சொன்னால், ஷெரிஃப் தன் துறைக்கு எழுதும் விதிகளுக்கு அடுத்த தேர்தல் வரை பெரிதாக மேல்முறையீடு இல்லை.

காவலர் எப்போது ஆயுதம் ஏந்தலாம் என்பதையே பிரசாரமாக்கி ஒருவர் ஷெரிஃப் தேர்தலில் நின்றதும் உண்டு. கொலராடோவின் பிட்கின் கவுண்டியில் 1970-இல் நின்ற பத்திரிகையாளர் ஹண்டர் எஸ். தாம்சன். ஆஸ்பென் நகரம் இருக்கும் கவுண்டி அது. ஷெரிஃபும் அவருடைய டெபுட்டிகளும், அதாவது அவருக்குக் கீழ் வேலை பார்க்கும் காவலர்களும், பொது இடத்தில் ஆயுதம் ஏந்தவே கூடாது என்பது அவர் அறிக்கையின் ஓர் அம்சம். தெருத் தார்ச்சாலையைப் பெயர்த்துப் புல் நடுவேன் என்றும் அதே அறிக்கையில் சொன்னதால் பலர் அவரை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஆஸ்பென் நகருக்குள் அவருக்கே அதிக ஓட்டு விழுந்தது; கவுண்டி முழுவதையும் சேர்த்தபோதுதான் தோற்றார். பயத்தில் இருக்கும் காவலர் கையில் துப்பாக்கி இருந்தால் சின்னத் தகராறும் ரத்தக்களறியாகும் என்பது அவர் வாதம். டூட்டி நேரத்திலேயே துப்பாக்கி வேண்டாம் என்ற அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் ஒரு ஷெரிஃப் வேட்பாளர் மக்கள் முன் வைத்து விவாதிக்க வேண்டிய விஷயம் இது என்று அவர் நினைத்தாரே, அது சரி. அவருக்குப் பின் அதை அப்படி விவாதத்துக்குக் கொண்டுவந்தவர்கள் குறைவு.

விவாதம் வாஷிங்டனுக்குப் போய்விட்டது. 2004 ஜூலை 22 அன்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். சட்ட அமலாக்க அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர். காவலர்கள் சுருக்கமாக லியோசா என்பார்கள். தகுதியுள்ள காவலர், டூட்டியில் இல்லாதபோதும், தன் மாநிலத்துக்கு வெளியிலும், நாட்டின் எந்த மூலையிலும் மறைத்து வைத்த துப்பாக்கியோடு போகலாம். அந்த மாநிலத்தின் லைசென்ஸ் தேவையில்லை. ஓய்வு பெற்றவர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் 15 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்று முதலில் இருந்ததை 2010-இல் 10 ஆகக் குறைத்தார்கள். தனியார் இடத்தின் உரிமையாளர் தடுப்பதற்கும், மாநில அரசு தன் கட்டடங்களில் தடுப்பதற்கும் இடம் விடப்பட்டது.

இந்தச் சட்டத்துக்காகப் பல ஆண்டு போராடியது காவலர்களின் பெரிய சங்கமான ஃபிரடர்னல் ஆர்டர் ஆஃப் போலீஸ். எதிர்த்தது, காவல் துறைத் தலைவர்களின் சர்வதேசச் சங்கம். அதாவது கீழே நிற்கும் காவலர் வேண்டும் என்றார், அவருக்குப் பொறுப்பேற்க வேண்டிய தலைவர் வேண்டாம் என்றார். காவலர் தரப்பு நியாயம் எளிதில் புரியும். நான் சிறைக்கு அனுப்பியவன் என்னைச் சூப்பர் மார்க்கெட்டில் பிள்ளைகளோடு பார்த்தால் என்ன செய்வது? குற்றவாளி என்னை மறக்க மாட்டான், டூட்டி முடிந்தது என்று அவனிடம் சொல்லவும் முடியாது. இந்தப் பயத்தைக் கேலி செய்ய எவருக்கும் உரிமை இல்லை. தலைவர்கள் தரப்பும் எளியதுதான். வேறு ஊரிலிருந்து வரும் ஒருவர் என்ன பயிற்சி பெற்றார், எந்த விதியின் கீழ் வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. என் ஊரில் அவர் சுட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் என் ஆட்கள்.

சட்டத்தைப் படித்தால் ஓர் இடத்தில் நின்றுவிடுவோம். பணியில் இருக்கும் காவலருக்கான தகுதிகளில் ஒன்று, துப்பாக்கி சுடுவதில் அவ்வப்போது தேர்ச்சி காட்ட வேண்டும் என்று அவருடைய துறை வைத்திருக்கும் தரங்களை அவர் எட்டியிருக்க வேண்டும் என்பது. ஆனால் அந்த வாசகத்தின் நடுவே, அப்படித் தரங்கள் ஏதும் ‘இருந்தால்’ என்று போட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு ஒரு முறை தேர்ச்சி காட்டியே ஆக வேண்டும். பணியில் இருப்பவர் விஷயத்தில் எல்லாம் துறையின் கையில். குடிபோதையில் இருக்கக் கூடாது என்கிறது சட்டம். ஆனால் எவ்வளவு குடித்தால் போதை என்று அளவு எதையும் சொல்லவில்லை. துப்பாக்கியை வைத்திருக்கலாம் என்கிறதே தவிர, கைது செய்யும் அதிகாரத்தையோ, தலையிட்டுச் சுட்டால் பாதுகாப்பையோ தரவில்லை. எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்காமல் நல்ல சாட்சியாக இருந்து 911-ஐ அழைக்க வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரிகளையெல்லாம் எழுத வேண்டியவர் துறைத் தலைவர். கவுண்டியில் அவர் ஷெரிஃப்.

எழுதாமல் விட்டால், அல்லது தவறாக எழுதினால் என்ன ஆகும்? ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரத்தில், 2000 ஜனவரி 28 பின்னிரவில், கார்னெல் யங் ஜூனியர் என்ற 29 வயதுக் காவலர் டூட்டி இல்லாமல் ஓர் உணவகத்தில் இருந்தார். வெளியே தகராறு, வாகன நிறுத்தத்தில் ஒருவன் துப்பாக்கியோடு நின்றான். எப்போதும் ஆயுதத்தோடு இரு, எப்போதும் டூட்டியில் இருப்பதாக நினைத்துக்கொள் என்பது அவர் துறையின் விதி. அந்த விதி சொன்னபடியே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உதவிக்குப் போனார். தகவல் கேட்டு வந்திருந்த சீருடைக் காவலர்கள் இருவர் அவரைச் சுட்டார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, கையில் துப்பாக்கியோடு வரும் ஒரு கறுப்பின இளைஞன். சுட்டவர்களில் ஒருவர் போலீஸ் பயிற்சிக் கல்லூரியில் யங்கோடு ஒரே வகுப்பில் இருந்தவர். யங்கின் தந்தையோ அதே துறையில் மிக உயர்ந்த பதவியில் இருந்த கறுப்பின அதிகாரி. உடன் படித்தவரால்கூட அந்த ஒரு நொடியில் முகத்தை அடையாளம் காண முடியவில்லை.

யங்கின் தாய் வழக்குத் தொடுத்தார். எப்போதும் டூட்டியில் இரு என்று கட்டளை போட்ட நகரம், மஃப்டியில் இருப்பவரும் சீருடையில் இருப்பவரும் நேருக்கு நேர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இரு தரப்புக்கும் சொல்லிக் கொடுத்ததா என்பதே அவருடைய கேள்வி. 2005-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், பயிற்சி போதவில்லை என்ற அந்தக் குற்றச்சாட்டை நடுவர் குழு (ஜூரி) விசாரிக்கலாம் என்று அனுமதித்தது. ஒரு தாய் நீதிமன்றம் ஏறிக் கேட்க வேண்டியிருந்த இந்தக் கேள்வி, ஒவ்வொரு துறையின் கையேட்டிலும் முன்பே பதிலோடு இருந்திருக்க வேண்டியது.

அதற்குப் பிறகும் நடந்தது. 2008 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் ஒயிட் ப்ளெய்ன்ஸில், தெருவில் ஒருவரை அடிப்பதைத் தடுக்கப் போன மவுண்ட் வெர்னன் நகரக் காவலர் ஒருவரைக் கவுண்டி போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். 2009 மே மாதம் நியூயார்க் நகரின் கிழக்கு ஹார்லெமில், டூட்டி முடித்து வந்த 25 வயது ஓமர் எட்வர்ட்ஸ், தன் காரை உடைத்தவனைத் துப்பாக்கியோடு துரத்தினார். மஃப்டியில் ரோந்து வந்த சக காவலர் அவரைச் சுட்டார். இந்த இரு சம்பவங்களிலும் இறந்த காவலர்கள் கறுப்பினத்தவர். ஆளுநர் டேவிட் பேட்டர்சன் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். சுமார் 30 ஆண்டுகளில் நாடு முழுவதும் 26 காவலர்கள் இப்படி ஆள் மாறிச் சக காவலர்களாலேயே கொல்லப்பட்டதாக 2010-இல் வந்த அறிக்கை கணக்குச் சொன்னது. அவர்களில் டூட்டியில் இல்லாமல் இறந்தவர்களைத் தனியே பார்த்தால், 1980-களுக்குப் பிறகு கறுப்பினத்தவரும் லத்தீன் இனத்தவருமே மிகப் பெரும்பாலோர்.

அந்த அறிக்கை விளக்கிய ஓர் அசைவு மனதை விட்டுப் போகாது. பின்னாலிருந்து “போலீஸ்! அசையாதே!” என்று குரல் கேட்டால், துப்பாக்கி ஏந்திய காவலர் தன்னையறியாமல் குரல் வந்த பக்கம் திரும்புவார். தன்னையே ஒருவர் குற்றவாளி என்று நினைப்பார் என்பது அவருக்குத் தோன்றுவதே இல்லை. குரல் கொடுத்தவருக்கு உதவத்தான் திரும்புகிறார். உடம்பு திரும்பும்போது கையில் இருக்கும் துப்பாக்கியும் கூடவே திரும்புகிறது. குரல் கொடுத்தவருக்கு அது தன்னை நோக்கி வரும் துப்பாக்கி. அவர் சுடுகிறார். இதைத் தடுக்கப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம். அசையாமல் நில், தலையைக்கூடத் திருப்பாதே, நான் போலீஸ் என்று சத்தமாகச் சொல், துப்பாக்கியைக் கீழே போடச் சொன்னால் போடு என்று ஒத்திகை பார்த்துப் பார்த்து உடம்பில் ஏற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் நிற்பவருக்கும், சீருடை இல்லாத எல்லாரும் குற்றவாளி இல்லை என்று அதே அளவு ஒத்திகை வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை அட்டை இலக்கைச் சுட்டு மதிப்பெண் வாங்குவதில் இது எதுவும் வராது.

காவலர் உயிர் மட்டும் இதில் கணக்கில்லை. 2019 ஜூன் மாதம், கலிஃபோர்னியாவின் கொரோனா நகரத்தில் காஸ்ட்கோ கடை ஒன்றில், லாஸ் ஏஞ்சலஸ் காவலர் ஒருவர் கைக்குழந்தையோடு சாம்பிள் சாப்பாட்டுக்காக நின்றிருந்தார். அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள 32 வயதுக்காரர் ஒருவர் பின்னாலிருந்து அவரை அடித்தார். கீழே விழுந்த காவலர் 10 முறை சுட்டார். அடித்தவர் இறந்தார், அவருடைய அம்மாவும் அப்பாவும் படுகாயமடைந்தார்கள். சம்பளமும் சீருடையும் இல்லாத நேரம் அது. ஆனாலும் அவர் காவலராகத்தான் நடந்துகொண்டார் என்று 2021-இல் நடுவர் குழு முடிவு செய்து, 17 மில்லியன் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. டூட்டி முடிந்து நீ எடுத்துப் போகும் துப்பாக்கிக்கு ஊரே பொறுப்பு என்பதுதான் அந்த முடிவின் பொருள்.

அப்புறம், அந்தத் துப்பாக்கி கடைக்கும் தெருவுக்கும் மட்டும் போவதில்லை, வீட்டுக்கும் போகிறது. குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்ட எவரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற 1996-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் காவலருக்கு விலக்கு தரவில்லை. டூட்டித் துப்பாக்கியைக்கூட அவர் தொட முடியாது. ஆனால் அது தண்டனை வந்த பிறகு. 2003 ஏப்ரலில் வாஷிங்டன் மாநிலத்தில், டகோமா காவல் துறைத் தலைவரே ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில், பிள்ளைகள் அருகில் இருக்கும்போதே மனைவியைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். காவலர் வீட்டு வன்முறையை எப்படிக் கையாள்வது என்று ஒவ்வொரு துறையும் எழுத்தில் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று அதற்கு அடுத்த ஆண்டு அந்த மாநிலம் சட்டம் போட்டது. இந்த விஷயத்தில் எழுதியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது எனக்குத் தெரிந்து மிக நல்ல முன்மாதிரி.

இத்தனையும் இருக்க, பொதுவெளியில் விவாதம் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடுகிறது: உள்ளே விடலாமா, வேண்டாமா. 2013-இல் தேசியக் கால்பந்து லீக், டூட்டியில் இல்லாத காவலர்கள் மைதானத்துக்குள் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்றது. காவலர் சங்கங்கள் கொதித்தன. 2017-இல் டெக்சஸ், மக்கள் வந்துபோகும் எந்த இடமும் காவலரைத் துப்பாக்கிக்காகத் தடுக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. 2024-இல், ஓய்வு பெற்ற காவலர்கள் மாநில அனுமதி வாங்க வேண்டும் என்ற நியூ ஜெர்சியின் விதி லியோசாவுக்கு முன் செல்லாது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வாசல் சண்டையில் காவலர் தரப்பு வென்றுகொண்டே வருகிறது. வாசலைத் தாண்டிய பிறகு என்ன என்ற கேள்விதான் கேட்கப்படாமலே இருக்கிறது.

ஏன் கேட்கப்படவில்லை என்பதற்கு ஷெரிஃப் தேர்தலின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. இந்தத் தேர்தலில் டெபுட்டிகளின் சங்க ஆதரவு பெரிய பலம். பயிற்சி நேரத்தைக் கூட்டுவேன், குடி விஷயத்தில் கண்டிப்பான வரம்பு வைப்பேன், சும்மா இருக்க வேண்டிய இடத்தில் சும்மா இரு என்று எழுதுவேன் என்று சொல்லும் வேட்பாளர் அந்த ஆதரவைப் பணயம் வைக்கிறார். துப்பாக்கி உரிமைக்கு நான் காவல் என்று மேடையில் முழங்குவது எளிது. பல மாநிலங்களில் பொதுமக்களுக்கு மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்ஸைத் தருவதும் ஷெரிஃப் அலுவலகமே. அந்த அதிகாரம் எப்படிக் கெட்டுப் போகலாம் என்று காட்டியது கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டி. லைசென்ஸ் விவகாரத்தில் 2022-இல் பதவி விலகிய ஷெரிஃப் லாரி ஸ்மித் முறைகேடு செய்தார் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. அந்த மாநிலத்தில் ஷெரிஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர்.

டூட்டியில் இல்லாத காவலர் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்று இன்று ஒரு வேட்பாளரைக் கேட்பதில் பயனில்லை. அதற்கு 2004-இலேயே பதில் வந்துவிட்டது. நான் அந்தக் கவுண்டியில் ஓட்டுப் போடுபவனாக இருந்தால் கேட்பது வேறு. உங்கள் டெபுட்டிகள் மஃப்டியில் இருக்கும்போது சீருடைக் காவலர் குரல் கொடுத்தால் அசையாமல் நிற்க ஒத்திகை பார்த்திருக்கிறார்களா? வருடத்தில் எத்தனை முறை? குடி பற்றிய உங்கள் விதியில் ஒரு கிளாஸ் என்றாவது, சுத்தமாகக் கூடாது என்றாவது அளவு இருக்கிறதா? இவற்றை மாற்றச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. பதவியேற்ற மறுநாள் காலையில் ஷெரிஃப் தன் மேசையில் உட்கார்ந்து கையேட்டைத் திருத்திவிடலாம்.

பல கவுண்டிகளில் 911 அழைப்பு மையத்தை நடத்துவதும் ஷெரிஃப் அலுவலகமே. அதனால் கடைசியாக ஒன்றும் கேட்பேன். துப்பாக்கி வைத்திருப்பவர் எங்கள் வீட்டு ஆள், போலீஸ் என்று யாராவது பதறிப்போய் அழைத்தால், உங்கள் மையத்தில் போனை எடுப்பவர் என்ன உடை, எந்தத் தளம், எந்தப் பக்கம் என்று கேட்டு, ஓடிக்கொண்டிருக்கும் ரோந்து வண்டிக்கு எத்தனை நொடியில் சொல்வார்? டிராலி ஸ்கொயரில் அன்று அழைத்தவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து பழகியவர். எதைச் சொல்ல வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்கத் தேவைப்படவில்லை.